முத்திரை போட்ட கடிதம்

வெள்ளவத்தையில் தியாகராசா வீட்டைத் தெரிந்த அத்தனை பேரும், அந்த வீட்டு மகன் ஜனா ஓமானில் இருக்கிறான் என்றே நம்புகிறார்கள். அவன் இருப்பது களுபோவிலையில் என்பது, வீட்டாரை விட்டால், உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். வெள்ளவத்தைச் சந்தையடியில் ஓட்டோ பிடித்தால், நெரிசல் இல்லாத நாளில் பதினைந்து நிமிடம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜனா பதினொரு வருடம் அம்புலன்ஸில் வேலை செய்தவன். ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பன்று தேவாலயத்துக்குள் ஸ்ட்ரெச்சரோடு ஓடியவர்களில் அவனும் ஒருவன். அன்றோடு தூக்கம் போயிற்று. தூக்கத்துக்காகச் சாராயம் வந்தது. சாராயம் வந்த பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. கடைசியாகப் போனவள் மனைவி மிதுனா. ஏழு வயது மகள் சாம்பவியைக் கூட்டிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் ஜனா சிகிச்சைக்குச் சம்மதித்தான். களுபோவிலையில் அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இராணுவத்தில் இருந்தவர்கள், பொலிஸில் இருந்தவர்கள், தீயணைப்புப் படையினர், அம்புலன்ஸ்காரர்கள் என்று, பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டுக் குடியில் விழுந்தவர்கள் தொண்ணூறு நாள் தங்கிச் சுகமாகும் இடம். இன்று ஜனாவுக்கு இருபத்தெட்டாம் நாள். குடும்பத்தார் போய்ப் பார்க்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை.

சிக்கல் என்னவென்றால், அங்கே யாரையும் பிடித்துக் கட்டி வைப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எப்போதும் வெளியே வரலாம். வியாழக்கிழமை ஜனா தகப்பனுக்குக் கோல் எடுத்து, "ஞாயிறு வரேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ அப்பா. நான் இப்ப சுகம்," என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்ட மிதுனா ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்.

"அரைவாசியில வெளிய வந்தால், நானும் பிள்ளையும் திரும்பி வரமாட்டம்."

ஆக, இந்த ஞாயிறு அந்தக் குடும்பத்துக்குச் சாதாரண ஞாயிறு இல்லை.

காலை எட்டு மணிக்குத் தியாகராசா மேசையில் குனிந்து, கடிதத்தின் அடியில் தன் முத்திரையை அழுத்திக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் எழுதுவினைஞர். ஓய்வு பெற்ற பிறகு சமாதான நீதவான். தொடர்மாடியில் யாருக்குப் பாஸ்போர்ட் படிவம் என்றாலும், சத்தியக் கடதாசி என்றாலும், அவரிடம்தான் வருவார்கள். மனிதருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சிகிச்சை வீட்டில் குடும்பங்களைக் கவனிக்கிற ரெனால்ட் போன கிழமையே போனில் சொல்லியிருந்தான். ஜனாவின் குடியால் ஒவ்வொருவரும் பட்டதை ஒரு கடிதமாக எழுதி வரவேண்டும், அவன் முன்னால் வாசிக்கவேண்டும் என்று. தியாகராசாவுக்குக் கடிதம் என்றால் அது கோப்புக்குள் போகிற சாமான். கோப்புக்குள் மகனைப் பற்றிக் குறை எழுத எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? அதனால் அவர் நற்சான்றிதழ் எழுதிவிட்டார்.

அதோடு விட்டாரா? மிதுனா வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்த கடிதத்தையும், எல்லாவற்றையும் ஒரே உறையில் வைப்பதாகச் சொல்லி வாங்கி, தன் முத்து முத்தான கையெழுத்தில் நற்பிரதி எடுத்துவிட்டார். நாலு பக்கம், ஏழு வரியாயிற்று.

"இஞ்சருங்கோ, ஒன்பதரைக்கு அங்க நிக்கவேணும்," என்று அவசரப்படுத்தினாள் மனைவி பாலேஸ்வரி. இடியப்பமும் சொதியும் பையில் ஏறிவிட்டன. அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்குப் பிறகு மகன் மாமிசம் தொட்டதில்லை. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

லிஃப்டில் அஞ்சாம் மாடி நாகமணி ரீச்சர் ஏறினார்.

"எங்க ரெண்டு பேரும், சாப்பாட்டுப் பையோட?"

"கோயிலுக்கு," என்றார் தியாகராசா.

"ஓமானில இப்ப சரியான வெக்கையாம். தம்பி என்ன சொல்றார்?"

"ரூமில ஏசி இருக்காம் ரீச்சர். குளிருது எண்டு போர்த்துக்கொண்டு படுக்கிறானாம்," என்றாள் பாலேஸ்வரி.

ஒரு பொய்யை நெடுநாள் வைத்திருப்பவர்கள் அதற்குப் போர்வையும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்த மிதுனா களுபோவிலைச் சந்தியில் காத்து நின்றாள். மூவருமாக அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். வாசலில் போன்களை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போடச் சொன்னார்கள். பையைத் திறந்து பார்த்தார்கள். சொதிப் போத்தலை ஒருவர் மூடி கழற்றி முகர்ந்து பார்த்ததில் பாலேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஜனா விறாந்தையில் நின்றான். முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் சதை வைத்திருந்தது. மிதுனாவுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடுத்த கணம் அவன் காலடியில் இருந்த பையைக் கண்டாள். சிப் இழுத்து மூடிப் பயணத்துக்குத் தயாராக இருந்தது.

"சாம்பவி எப்பிடி?"

"பல்லு ஒண்டு விழுந்திட்டுது," என்றாள் மிதுனா.

உள்ளே கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஜனாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு நரைத்த மனிதர், கதிரையின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்தார். முன்னாள் இராணுவ சார்ஜன்ட், இடது கால் செயற்கைக் கால். ஜனாவும் அவரும் ஒரே அறையில் இருப்பவர்கள். குடும்ப ஞாயிறில் ஒவ்வொருவருக்கும் பின்னால் அறைத்தோழன் இருக்கவேண்டும் என்பது அங்கத்தைய வழக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது. பாலேஸ்வரி அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ரெனால்டும் ஒரு காலத்தில் தீயணைப்புப் படையில் இருந்தவன்தான், கொட்டாஞ்சேனைப் பிள்ளை. குடியை விட்டுப் பதினாலு வருடம்.

"ஒரே ஒரு சட்டம்தான்," என்றான். "எல்லாரும் வாசிச்சு முடியிற வரைக்கும் ஜனா ஒண்டும் பேசக் கூடாது. கேக்கணும், அவ்வளவுதான். அங்கிள், நீங்க தொடங்குங்க."

தியாகராசா எழுந்து நின்றார். கண்ணாடியைச் சரி செய்தார்.

"இத்தால் சம்பந்தப்பட்ட சகலருக்கும் அறியத்தருவதாவது. மேற்படி தியாகராசா ஜனார்த்தனன் என்பவரை அவர் பிறந்த நாள் தொட்டு நான் நன்கு அறிவேன். அவர் ஒழுக்கமும் நேர்மையும் கடமையுணர்வும் மிக்கவர். சில காலம் சுகவீனமுற்றிருந்தபோதிலும், தற்போது பூரண சுகம் அடைந்துள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் உறுதிப்படுத்துகின்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. ரெனால்ட் மட்டும் மெதுவாகக் கேட்டான்.

"அங்கிள், இது யாருக்கு எழுதினீங்க?"

"அதிகாரிகளுக்கு."

"ஜனாவுக்கு எழுதச் சொன்னேன்."

"ஃபைலில போற கடிதத்தில மகன்ர குறையை எழுத எனக்குத் தெரியாது தம்பி. ஒருக்கா எழுதினா அது ஆயுசுக்கும் நிண்டிடும்."

"இங்க எந்த ஃபைலுக்கும் போகாது. வாசிச்சு முடிஞ்சா ஜனா கையிலதான் இருக்கும்."

தியாகராசா கடிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாலேஸ்வரிக்கு எழுதிக்கொண்டு வரவே மனம் வரவில்லையாம். "எனக்கு என்ர பிள்ளை வேணும், அவ்வளவுதான்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். இனி மிதுனா.

மாமனார் நீட்டிய உறையை அவள் பிரித்தாள். "எனது கணவரின் சுகவீனம் காரணமாக எமது குடும்பம் சில சிரமங்களுக்கு முகங்கொடுக்க நேர்ந்தது" என்று வாசித்தவள் நிறுத்தினாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

"இது நான் எழுதினதில்லை. நான் நாலு பக்கம் எழுதித் தந்தனான் மாமா."

"நற்பிரதி எடுத்தனான் பிள்ளை. சாராம்சம் மாறேல்லை."

மிதுனாவுக்குக் கோபம் பொங்கிற்று. எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்து மடியில் வைத்தாள். ஜனாவை நேரே பார்த்தாள்.

"அப்ப வாயால சொல்றன். அது செவ்வாய்க்கிழமை. உமக்கு லீவு. மாமா டெங்குவோட ஆசுப்பத்திரி வாட்டில. மாமி அவருக்குச் சாப்பாடு கொண்டு போயிட்டா. ஒண்டரைக்குப் பிள்ளையை ஸ்கூலால ஏத்திறது உம்மட வேலை. நாலேகாலுக்கு எனக்கு ஒபிசுக்குக் கோல் வருது, பிள்ளையைக் காணேல்லை எண்டு."

ஜனா தலையைக் குனிந்தான். சட்டம் சட்டம்தான், பேச முடியாது.

"ஆரின்ர கண்ணிலயும் படாமல் கேற்றால வெளியில போய், காலி வீதியைத் தனியக் கடந்து, அங்கால பஸ் ஹோல்ட்டில நிண்டவள். இளநி விக்கிற மனுசி ஒண்டு கையைப் பிடிச்சு வைச்சிருந்தது. அழேல்லை. 'அப்பா ஆரையோ அம்புலன்ஸில ஏத்திக்கொண்டு போயிருப்பார் எண்டு நினைச்சன் அம்மா' எண்டு சொன்னவள்."

ரெனால்ட் தண்ணீர்க் கோப்பையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"வீட்டை வந்தா நீர் ஹோலில, நிலத்தில கிடக்கிறீர். நான் உம்மை எழுப்பேல்லை. குனிஞ்சு மூச்சு வருதோ எண்டு பாத்தனான். ஒரு நிமிஷம், வராட்டி நல்லம் எண்டு நினைச்சனான் ஜனா. அப்பிடி நினைச்ச என்னை என்னாலயே பாக்க ஏலாமல்தான் அம்மா வீட்டை போனனான். கடைசிப் பக்கம் முழுக்க அதுதான் எழுதியிருந்தனான்."

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. இப்போது ஜனா பேசலாம் என்று ரெனால்ட் தலையசைத்தான்.

ஜனா நிமிர்ந்தான். "எனக்கு உதெல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றன், நான் வீட்டை வாறன். பிள்ளையை நானே ஏத்தி இறக்கிறன். இஞ்ச இருந்து இதுகளைக் கேக்க என்னால ஏலாது. அப்பா எழுதினது சரி. நான் சுகம்."

மிதுனா கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று. இனி அவளிடம் ஒன்றும் இல்லை.

ரெனால்ட் வாதாடவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து ஜனாவிடம் கொடுத்தான். ஜனா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான். "கீழ வீட்டுப் பொறுப்பாளர் கையெழுத்து, அங்கிள்," என்று ரெனால்ட் படிவத்தைத் தியாகராசா பக்கம் தள்ளினான்.

வேறு யாராவது என்றால் உடனே போட்டிருப்பார்கள். தியாகராசா வாசிக்காத தாளில் கையெழுத்து வைத்த சரித்திரமே இல்லை. விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். 'எமது வீட்டில் மதுபானம் இல்லை என்றும், வீட்டில் உள்ள எவரும் அவருக்கு அதனை வாங்கிக் கொடுக்கமாட்டார் என்றும் சத்தியமாக உறுதியளிக்கின்றேன்.' அந்த இடத்தில் விரல் நின்றது.

நற்சான்றிதழில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதலாம். அது ஊர் வழக்கம். நாகமணி ரீச்சருக்கு ஓமான் கதை சொல்லலாம், அதுவும் வாய்ப்பேச்சு. சத்தியம் என்ற சொல்லுக்குக் கீழே பொய்யாகக் கையெழுத்து வைப்பது அவருடைய அகராதியில் வேறு. எத்தனை பேரை எதிரே உட்கார வைத்து, 'பொய்ச் சத்தியம் குற்றம், தெரியும்தானே?' என்று கேட்டிருப்பார்! பேனாவை மூடினார்.

"இதில நான் கையெழுத்து வைக்கேலாது."

"ஏன் அப்பா?" என்றான் ஜனா. கேட்டவனுக்குப் பதில் தெரியும். அது அவன் முகத்திலேயே இருந்தது.

"வாங்கிக் குடுத்தது நான்." தியாகராசா ரெனால்டைப் பார்த்துத்தான் சொன்னார். மருமகளைப் பார்க்க அவருக்குத் துணிவு இல்லை. "முதல் முதல் ஊத்திக் குடுத்ததும் நான்தான். அந்த ஈஸ்டர் ஞாயிறு அவன் வந்து நிண்ட கோலத்தைப் பாத்திட்டு, படுத்து எழும்பட்டும் எண்டு குடுத்தனான். பிறகு அவன் வெள்ளவத்தையில வைன் ஸ்டோர்ஸ் வாசல்ல நிண்டா ஆக்கள் காணுவினம். தியாகராசற்றை மகன் எண்டு கதைப்பினம். அதால நானே போனனான். மருதானைக்கு. அங்க என்னை ஆருக்கும் தெரியாது. பேப்பரில சுத்தி, மேல கீரைப்பிடியை வைச்சுக்கொண்டு வருவன். சனிக்கு சனி. மூண்டு வருஷம்."

"மருதானையில கீரை மலிவு எண்டு சொல்லுவீங்கள் மாமா," என்றாள் மிதுனா. அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஓம் பிள்ளை. சொன்னனான்." அவர் படிவத்தை ரெனால்டிடம் திருப்பிக் கொடுத்தார். "இவன் இண்டைக்கு வந்தால் நாளையிண்டைக்குக் கேப்பான். கேட்டால் நான் போவன். எனக்கு என்னைத் தெரியும் தம்பி. இவன்ர முகத்தைப் பாத்து இல்லை எண்டு சொல்ல நான் இன்னும் பழகேல்லை."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னாலிருந்த சார்ஜன்ட் ஜனாவின் தோளைத் தொட்டு, "மல்லி, தாத்தா அண்டனவா," என்றார் தணிந்த குரலில். அப்பா அழுகிறார் என்பதை மகனுக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது. ஜனா அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தான்.

பிறகு ஜனா எழுந்தான். படிவத்தை வாங்கித் தன் கையெழுத்தின் மேல் இரண்டு கோடு கிழித்தான்.

"நான் சனிக்கிழமைகளில விடிய எழும்பி ஜன்னலடியில நிப்பன், அப்பா பஸ்ஸால இறங்கிறாரோ எண்டு. இப்ப வீட்டை வந்தாலும் அந்த ஜன்னலடியிலதான் நிப்பன்." பையைத் தூக்கினான். "நான் இருக்கிறன் ரெனால்ட் அண்ணை. மிச்ச நாளையும் இருக்கிறன்."

சார்ஜன்ட் பையின் மறுபக்கக் காதைப் பிடித்துக்கொண்டார். கதவருகில் ஜனா திரும்பினான்.

"அடுத்த ஞாயிறு வருவீரோ?"

"வருவன். ஆனால் கடிதத்தை நானே கொண்டு வருவன்," என்றாள் மிதுனா. மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு என்று சொல்லக்கூடிய ஒன்று வந்து போயிற்று. பாலேஸ்வரி இடியப்பப் பார்சலை எடுத்து, கொஞ்சம் தயங்கி, சார்ஜன்டின் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஓட்டோவில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் மிதுனா. மாமா மேல் அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் வாய் திறந்ததால்தான் ஜனா நின்றான். அந்த நன்றியும் இருந்தது. பாலேஸ்வரி மட்டும் கொடுக்க மறந்த சொதிப் போத்தலை மடியில் வைத்து, மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

காலி வீதி நெருங்கும்போதுதான் மிதுனாவுக்கு அந்தக் கணக்கு உதைத்தது. சனிக்கு சனி மாமா போவார். பிள்ளை காணாமல் போன செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமையே மாமாவை வாட்டில் போட்டுவிட்டார்கள். ஏழாம் நாள்தான் வந்தார்.

"மாமா, பிள்ளை காணாமல் போன கிழமை போத்தல் ஆர் வாங்கினது?"

"நான் இல்லை பிள்ளை!" ஒன்றிலாவது குற்றமற்றவராக இருக்கக் கிடைத்த அவசரத்தில் தியாகராசா சொன்னார். "நான் சேலைன் ஏத்திக்கொண்டு கிடந்தனான். அவனே போயிருப்பான்."

"அவரிட்டை அந்தக் கிழமை ஒரு சதமும் இல்லை மாமா. காசு முழுக்க என்னட்டைத்தான் இருந்தது."

தியாகராசா மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவருக்கும் இது புதிது.

"பாலேஸ்?"

"அவனுக்குக் கை நடுங்கினது," என்றாள் பாலேஸ்வரி. "தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாமல் மேலெல்லாம் ஊத்திப்போட்டு, 'அம்மா, நான் சாகப் போறன்' எண்டவன். அப்பிடிப் பிள்ளை கெஞ்சேக்க நான் என்ன செய்ய? திங்கட்கிழமை வாட்டால வரேக்க மருதானை பஸ்ஸில ஏறினனான். பொம்பிளையளுக்குக் குடுக்கமாட்டம் எண்டவங்கள். வரிசையில நிண்ட ஒருத்தனைக் கும்பிட்டு வாங்கினனான்."

மிதுனா மாமியின் பக்கம் திரும்பினாள்.

"எப்ப குடுத்தனீங்கள் மாமி?"

"செவ்வாய் காலமை. நீர் வெளிக்கிட்டாப் பிறகு." பாலேஸ்வரியின் கண்ணிலிருந்து நீர் ஓடியது. "குடுத்திட்டு, ஒண்டரைக்குப் பிள்ளையை ஏத்த மறந்திடாத எண்டு சொல்லிப்போட்டுத்தான் நான் வாட்டுக்குப் போனனான்."

"மல்லி, மெத்தன நவத்தன்ன," என்று ஓட்டோக்காரனிடம் சிங்களத்தில் நிறுத்தச் சொன்னாள் மிதுனா. ஓட்டோ ஓரமாக நின்றது. மாமனாரின் முழங்காலைத் தாண்டி இறங்கினாள்.

"பிள்ளை..." என்று பாலேஸ்வரி கை நீட்டியதை அவள் காணவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அவளுக்கு மாமியின் முகம் நினைவில் இல்லை. ஜனாவின் முகம்தான் இருந்தது. இவ்வளவும் அவனுக்குத் தெரியும். பிள்ளையைக் கைவிட்டவன் என்று அவள் நாலு பேர் முன்னால் சொன்னபோது, பேசலாம் என்று விட்ட பிறகும் கூட, தாயை அவன் காட்டிக் கொடுக்கவில்லை. இன்னும் என்னென்ன அவன் இப்படி வாய்க்குள் வைத்திருக்கிறான்?

கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் இவளைப் பார்த்துக் கூப்பிட்டான். அவள் ஏறவில்லை. பஸ் போன பிறகு, வந்த வழியே களுபோவிலைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.